பந்தலூர் மழையில் மாட்டிய பெயர்

"துணிக்கு ஒட்டறத டைல்ஸுக்கு ஒட்டுனா நிக்குமா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. சாதாரணமாக எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அன்று வராததற்குக் காரணம், அதே கேள்வி என் மனதிலும் இருந்ததுதான்.

பள்ளிக்கூட விளையாட்டு விழாக்களுக்குப் பனியன் முதுகில் பெயரும் எண்ணும் ஒட்டித் தருவது என் தொழில். தொழில் என்பதெல்லாம் பெரிய வார்த்தை. ஊட்டி காந்தலில் எங்கள் வாடகை வீட்டு முன்னறையில் ஒரு மேசை, அதன்மேல் மடித்துப் போட்ட பழைய கம்பளி, ஒரு இஸ்திரிப் பெட்டி, அவ்வளவுதான். வினைல் என்று ஒரு மெல்லிய தாள். அதன் பின்பக்கம் பசை இருக்கும். சூடு பட்டால் இளகித் துணியைப் பிடித்துக்கொள்ளும். மார்க்கெட் பக்கம் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டும் கடையில் கொடுத்தால், எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாற்றி மெஷினில் வெட்டித் தருவார்கள். வேண்டாத பகுதியை ஊசியால் கிளறி எடுத்துவிட்டு, தாளைத் துணிமேல் கவிழ்த்து, பட்டர் பேப்பர் போட்டு இஸ்திரிப் பெட்டியால் அழுத்த வேண்டும். ஆறியதும் மேலே இருக்கும் பிளாஸ்டிக்கை உரித்தால் எழுத்து மட்டும் நிற்கும். உரிக்கிற அந்த நேரம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

வீட்டுக்காரர் இத்தலார் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில், தூளின் பக்குவம் பார்க்கும் டீ மேக்கராக இருந்தார். விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கும் சின்ன ஃபேக்டரி. பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்து, பறிக்கிற கூலிக்கே கட்டுப்படியாகாமல் போன வருஷங்கள் அவை. செடிகளைப் பறிக்காமல் விட்டதில் அவை மரமாக வளர்ந்து நின்றன. இன்னும் சிலர் வேரோடு பிடுங்கிவிட்டுக் கேரட் போட்டார்கள். இலை வராத ஃபேக்டரியில் டீ மேக்கருக்கு என்ன வேலை? ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடிய ஃபேக்டரி, பிறகு வாரத்துக்கு ஒரு நாள் என்றானது. கல்யாணமான புதிதில் அவருடைய ஸ்வெட்டரில் அடித்த தேயிலை வாசனை எனக்குத் தலைவலியைக் கொடுக்கும். அந்த வருஷம் அந்த ஸ்வெட்டரில் வெறும் சோப்பு வாசனைதான் இருந்தது. அது தலைவலியைவிட மோசம்.

காந்தலில் மாதத்துக்கு ஒரு வீடு திருப்பூருக்குக் காலியானது. எங்கள் முறை எப்போது என்று அக்கம்பக்கத்தில் கேட்கவே ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குப் போகப் பிடிக்கவில்லை. எட்டாவது படிக்கிற மகள் இருந்தாள், அது ஒரு காரணம். ஆனால் உண்மையான காரணம் நான்தான். இந்தக் குளிரும் இந்தத் தெருவும் எனக்கு வேண்டியிருந்தன. வேறு எந்த நியாயமும் நான் தேடிக்கொள்ளவில்லை.

டைல்ஸ் சமாச்சாரம் விளையாட்டாகத்தான் தொடங்கியது. வீட்டு உரிமையாளர் சமையலறைக்கு ஒட்டியதில் மிச்சமான ஒரு வெள்ளை டைல்ஸ் கிடந்தது. நல்ல வெயிலடித்த சீசன் நாளொன்றில் அதன்மேல் 'செருப்பைக் கழற்றிவிட்டு வரவும்' என்று நீல எழுத்தில் ஒட்டி வாசலில் சாய்த்து வைத்தேன். அப்படியே பிடித்துக்கொண்டது. ஊட்டிக்கு வருகிறவர்கள் யார் செருப்பைக் கழற்றுகிறார்கள்? ஆனாலும் எழுத்தை எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

மார்கழிக் கடைசியில் பக்கத்து வீட்டுக்கு விருந்தாளியாக வந்த ஒரு அம்மா அதன் முன்னால் உட்கார்ந்தே விட்டார். ஐம்பதைத் தாண்டிய வயது. பந்தலூர்ப் பக்கம் கொழுந்து பறிக்கிறவர். சிறுமியாக இருந்தபோதே இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்தவர் என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது.

"தங்கச்சி, இந்த எழுத்து பெயிண்டா?"

"இல்லீங்க்கா. ஸ்டிக்கர் மாதிரிங்க. சூடு வெச்சு ஒட்டறது."

"நம்ம பேரையும் இப்புடி எழுதலாமா?"

அவரும் அவரோடு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசைக் குடியிருப்பில், இருந்த சிலரும் சேர்ந்து வாங்கிய துண்டு நிலத்தில், ஒரே வரிசையில் சின்னச் சின்ன வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. பிள்ளைகள் திருப்பூரிலும் கோயமுத்தூரிலும் உழைத்து அனுப்பியதில் கட்டிய வீடுகள். பிறந்ததிலிருந்து நம்பர் போட்ட கதவுக்குப் பின்னால் இருந்தவர்கள் என்பதால் எல்லா வீட்டுக்கும் பெயர்ப் பலகை வேண்டுமாம். ஒருவருக்குச் சாமி பெயர், ஒருவருக்குப் பேரப்பிள்ளை பெயர். இந்த அக்காவுக்கு அவருடைய சொந்தப் பெயரே வேண்டும்.

"முழுப் பேரையும் போடுங்க தங்கச்சி. காலைல வேலைக்கு ஆள் எண்ணுற பெரட்டுல நிக்கிறப்ப பாதிப் பேருதான் கூப்புடுவாங்க. லயத்துக் காம்பரால அதையும் யாரும் கூப்புட்டதில்ல. 'ஏ, மூணாம் நம்பரு'தான்."

ஒரு வரிசை முழுக்க ஆர்டர். நான் தரையில் நடக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னபோதுதான் அவர் அந்தத் துணி, டைல்ஸ் கேள்வியைக் கேட்டார்.

தை மாதக் குளிரில் வேலையை ஆரம்பித்தேன். காலையில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். வராந்தாவில் வைத்திருந்த டைல்ஸைத் தொட்டால் கை விறைத்தது. இவ்வளவு சில்லிட்ட பொருளில் பசை எப்படி இளகும் என்று யோசித்து, ஊட்டிக்காரி எதைச் செய்வாளோ அதைச் செய்தேன். கணப்பில் வைத்தேன். கரி போட்ட அடுப்பின்மேல் பெரிய மூங்கில் கூடையைக் கவிழ்த்து, மழைக்கும் பனிக்கும் காயாத துணியை அதன்மேல் விரித்துக் காய வைப்பது எங்கள் ஊர் வழக்கம். யூனிஃபார்ம், சாக்ஸ், குழந்தைத் துணி எல்லாம் அதில்தான் காயும். அந்தக் கூடைமேல் டைல்ஸை அடுக்கினேன். கதகதவென்று ஆனதும் எடுத்து எழுத்தை வைத்து அழுத்தினேன். பிளாஸ்டிக்கை உரித்தபோது பளிச்சென்று இருந்தது. எல்லாவற்றையும் சுவரோரம் நிறுத்திவிட்டு, தெருவில் போனவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

மறுநாள் காலையில் மெய்யெழுத்துப் புள்ளிகள் எல்லாம் கீழே மிளகு சிந்தியதுபோல் கிடந்தன. புள்ளிதான் இருப்பதிலேயே சின்னத் துண்டு. அதற்குப் பிடிப்பு இல்லையென்றால் மற்றதும் பின்னாலேயே வரும். வந்தது. நகத்தால் தொட்டால் எழுத்து முழுசாகச் சுருண்டு கையோடு வந்தது.

சூட்டைக் கூட்டினேன். எழுத்து சுருங்கியது. நேரத்தைக் கூட்டினேன். நீல எழுத்து மங்கிக் கருத்தது. துணிக்குப் பழகிய பசைக்கு வழவழப்பான டைல்ஸ் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார். அவர் மெதுவாகச் சொன்னால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். "அப்ப வாசல்ல செருப்புப் பக்கத்துல இருக்கறது மட்டும் எப்புடீங்க நிக்குது?" என்று கத்தினேன்.

கோயமுத்தூரில் வினைல் விற்கிற பெரியப்பா மகன் ஒருவன் உண்டு. எனக்கு இந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுத்தவன். எழுத்து கழன்ற டைல்ஸ் ஒன்றைப் பேப்பரில் சுற்றி, தெரிந்தவர் மூலம் அவனுக்குக் கொடுத்துவிட்டேன். அடுத்த நாள் போன் செய்தான்.

"அக்கா, டைல்ஸ்ல ஏன் பொகை நாத்தம் அடிக்குது?"

"ஒட்டறதப் பத்திக் கேட்டா நாத்தத்தப் பத்திப் பேசறயா? வெய்யி போன."

வைத்துவிட்டேன். வைத்த கையோடு டைல்ஸ் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தேன். எனக்கு எந்த வாசனையும் அடிக்கவில்லை. அதுதான் விஷயம். கணப்புப் புகை எங்கள் துணியில், தலைமுடியில், போர்வையில் எல்லாவற்றிலும் இருக்கிறது. கீழ் ஊருக்குக் கல்யாணத்துக்குப் போனால் 'ஊட்டிக்காரங்க வந்துட்டாங்க' என்று மூக்கை வைத்தே கண்டுபிடிப்பார்கள். எங்களுக்கு அது வாசனையாகவே தெரியாது. துவைத்து வைத்திருந்த வெள்ளைக் கைக்குட்டையால் டைல்ஸை அழுத்தித் துடைத்தேன். துணியில் டீக்கறை மாதிரி லேசான பழுப்பு. பசை டைல்ஸைத் தொடவே இல்லை, புகையைத்தான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. வாசல் டைல்ஸ் கணப்பைப் பார்த்ததே இல்லை, அதனால்தான் அது நின்றது. கணப்பில் காய்ந்தால் எதுவும் சுத்தம் என்று நினைக்கிற ஊரில் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். தம்பிக்கு நானே போன் செய்து, மன்னிப்பு எல்லாம் கேட்காமல், "சரியாத்தான்டா சொன்ன" என்றேன். அதுவே அவனுக்குப் பெரிய பரிசு.

புகையை ஸ்பிரிட்டால் துடைத்தால் போய்விடும் என்றான். துடைத்தேன். இங்கே இன்னொரு வில்லங்கம். ஸ்பிரிட் ஆவியாகும்போது சில்லிட்ட டைல்ஸ் மேலும் சில்லிட்டு, சோறு கொதிக்கிற வீட்டு ஆவியை இழுத்து வேர்த்துப்போனது. அதன்மேல் ஒட்டினால் மறுபடியும் கதை கந்தல். கடைசியில் டைல்ஸை எல்லாம் வராந்தாவிலிருந்து உள்ளே கொண்டுவந்து, கட்டிலுக்கு அடியில் ஒரு நாள் முழுக்க அறைச் சூட்டுக்குப் பழக விட்டேன். உலை வைப்பதற்கு முன்னால் ஸ்பிரிட்டால் துடைத்தேன். சுத்தமான துணி போட்டு இஸ்திரிப் பெட்டியாலேயே டைல்ஸைச் சூடாக்கினேன். பிறகு எழுத்தை வைத்து அழுத்தி, கம்பளியில் சுற்றிக் குழந்தையைப் போலத் தூங்க வைத்தேன். ஆற அமர ஆறட்டும் என்று விட்டு உரித்தபோது ஒரு புள்ளிகூட அசையவில்லை. வீட்டுக்காரர் வந்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அடுத்த விரல் நகத்தாலும் சுரண்டினார். "ம்" என்றார். நல்ல டீயைச் சுவை பார்த்தாலும் அவர் அவ்வளவுதான் சொல்வார்.

சித்திரையில் டைல்ஸை எல்லாம் மரச் சட்டத்தில் பொருத்தி, மேலே கொக்கி வைத்து, இருவருமாகக் கூடலூர் வழியாகப் பஸ்ஸில் கொண்டுபோனோம். வீடுகளுக்கு இன்னும் வெளிப்பூச்சு நடக்கவில்லை. பூசின பிறகு பதித்துக்கொள்வதாகவும் அதுவரை ஆணியில் தொங்கட்டும் என்றும் சொன்னார்கள். வீடு புகும் நாளில் வாசலுக்கு வாசல் தொங்கிய பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வரிசைக் கடைசி வரை நடந்தேன். சேரம்பாடிப் பக்கமிருந்து வந்த உறவுக்காரர்கள் எல்லாம் எழுத்தைத் தடவிப் பார்த்து ஒரே பேச்சைத்தான் பேசினார்கள்.

"நல்லாத்தான் இருக்கு. ஒரு மழ பாக்கட்டும். நின்னிச்சின்னா நமக்கும் செஞ்சி குடுங்க."

பந்தலூர் மழை சாதாரண மழை இல்லை. ஆனியில் பிடித்தால் ஆவணி வரைக்கும் துணி காயாது, சுவரே பச்சையாகும். ஆனால் அவர்கள் கேட்டது நியாயம்தான்.

அதே மாதக் கடைசியில் ஃபேக்டரியை 'தற்காலிகமாக' மூடினார்கள். அந்த வார்த்தையை மலையில் யாரும் நம்புவதில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலைக்கு வீட்டுக்காரரின் நண்பர் சொல்லி வைத்திருந்தார். கிளம்புகிற அன்று பெட்டியைக் கட்டிக்கொண்டே அவர் ஒரு முடிவு சொன்னார்.

"இங்க பாரு புள்ள. மழைக்கு அந்த எழுத்து நின்னுச்சுன்னா பத்து ஊரு வந்து கேக்கும். நானும் வந்து உங்கூட ஒக்காந்து ஒட்டறேன். கழண்டுருச்சுன்னா, பாப்பாவுக்குக் காலாண்டு முடிஞ்சதும் ஊட்டக் காலி பண்ணீட்டுக் கெளம்பி வந்தர்ணும். செரியா?"

"செரிங்க" என்றேன். மழையிடம் வழக்கை ஒப்படைத்துவிட்டு அவர் பஸ் ஏறினார்.

அந்த ஆனியும் ஆடியும் போல நீளமான மாதங்களை நான் பார்த்ததில்லை. காந்தலில் தூறல் போட்டாலே பந்தலூரில் என்ன கொட்டு கொட்டுகிறதோ என்று வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பேன். அக்காவிடம் போன் கிடையாது. இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். நல்லது சொன்னால் என்னைத் தேற்றச் சொல்கிறார்கள் என்று தோன்றும். ஆவணி பிறந்ததும் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். கூடலூர் தாண்டியதும் மழை கண்ணாடியில் ஊற்றத் தொடங்கியது.

குடையைப் பிடித்துக்கொண்டு அந்த வரிசைக்குப் போய் நின்றேன். முதல் வீட்டுச் சுவரில் வெறும் ஆணி. இரண்டாவது வீட்டிலும் ஆணி. அக்கா வீட்டிலும் ஆணி மட்டும்தான் துருப்பிடித்துப்போய் நீட்டிக்கொண்டிருந்தது. எழுத்துப் போனதும் டைல்ஸைக் கழற்றி எறிந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த இடத்திலேயே மனசுக்குள் பாத்திரம் பண்டமெல்லாம் மூட்டை கட்டி முடித்துவிட்டேன்.

வேலை முடிந்து நனைந்தபடி வந்த அக்கா என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார். "வாங்க தங்கச்சி, ஏன் மழைல நிக்கிறீங்க?"

"டைல்ஸ் எங்கீங்க்கா?"

"உள்ளாற பத்திரமா இருக்கு. வாங்க காட்டுறேன்."

அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினார். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டிக்கொள்கிற பிளாஸ்டிக் படங்கால் சுற்றியிருந்தது. பிரித்தால் உள்ளே அவர் பெயர், நான் கொடுத்தபோது இருந்த அதே பளபளப்போடு. முதல் மழை விழுந்த அன்றைக்கே வரிசையில் எல்லோரும் கழற்றி உள்ளே வைத்துவிட்டார்களாம். படங்கு இல்லாமல் இவர் மழையில் நனைந்து கொழுந்து பறித்திருக்கிறார், பெயர் மட்டும் நனையாமல் இருந்திருக்கிறது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நனையறதுக்குத்தானுங்க்கா வெளிய மாட்டுனது" என்று ஆரம்பித்து, வீட்டுக்காரர் திருப்பூரில் இருப்பது, காலாண்டுப் பரீட்சை, வீடு காலி செய்வது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். மூன்று வீடு தள்ளி இருந்தவர்கள்கூட வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

அக்கா பாவம், திகைத்துப்போய் நின்றார். "மொத மொதல்ல நம்ம பேரு எழுதின சாமான் தங்கச்சி. மழைல வுட மனசு வரல" என்றார். அதற்கு மேல் எனக்குக் கோபப்படத் தெரியவில்லை. தலையைத் துவட்டச் சொல்லித் துண்டு கொடுத்தார். பால் ஊற்றாத டீ, அவர் பேச்சில் சாயத்தண்ணி, போட்டுக் கொடுத்தார். அடுப்படியில் நின்றபடி யோசித்துவிட்டுச் சொன்னார்:

"கடைசி வூட்டுல மட்டும் எடுக்கல. அவங்க வைகாசிலயே பூட்டிட்டு திருப்பூர் போயிட்டாங்க. எடுத்து வைக்க ஆளில்ல."

டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன். அக்காவும் பின்னால் வந்தார். கடைசி வீட்டு வாசலில் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. பூட்டின்மேல் தண்ணீர் வழிந்தது. கதவுக்குப் பக்கத்தில், கூரைக்கு வெளியே, மழை நேராக அடிக்கிற சுவரில் அந்த டைல்ஸ் தொங்கியது. மரச் சட்டம் ஊறி உப்பி ஒரு மூலையில் பிளந்திருந்தது. டைல்ஸ் முழுக்கப் பச்சைப் பாசி. எழுத்து இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. குடையை அக்காவிடம் கொடுத்துவிட்டு முந்தானையால் துடைத்தேன். பாசி வழுக்கிக்கொண்டு வந்தது. அடியில் ஒரு எழுத்து நீலமாகத் தெரிந்தது. பிறகு அடுத்தது. முழுப் பெயரும் வந்தது. புள்ளிகள் எல்லாம் அதது இடத்தில் இருந்தன. நகத்தை வைத்துச் சுரண்டினேன். என் நகம்தான் மடங்கியது.

சத்தமாகச் சிரித்தேன் என்று அக்கா பிறகு சொன்னார். அழுததாகத்தான் எனக்கு நினைவு.

அவர் விறுவிறுவென்று வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் அவருடைய டைல்ஸ் இருந்தது. துருப்பிடித்த ஆணியில் அதை மாட்டிவிட்டு, சரிந்திருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார். மழை அவர் பெயர்மேல் விழுந்து வழிந்தது. அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே போய் எடுத்து வந்தார். அடுத்த வீட்டிலும் கதவு திறந்தது. நான் பஸ்ஸுக்கு நடந்தபோது அந்த வரிசையில் ஆணி காலியாக இருந்த சுவர் ஒன்றுகூட இல்லை.

பஸ் ஸ்டாண்டில்தான் சிக்னல் கிடைத்தது. வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். பின்னால் கம்பெனி மெஷின்கள் இரைகிற சத்தம்.

"ஏனுங்க, நின்னுருச்சுங்க."

"என்னது?"

"எழுத்துங்க. பாசி புடிச்சுக் கெடந்துது, தொடச்சா அப்படியே இருக்குது. நகத்துல சொரண்டிப் பாத்துட்டனுங்க."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"இந்த ஞாயித்துக்கெழம வாங்க. சும்மா வந்து பாத்துட்டுப் போறதுக்கு வராதீங்க. பெட்டியோட வாங்க" என்றேன்.

"மழ என்ன சொன்னாலும் வர்றதுன்னு, பெட்டிய நேத்தே கட்டி வெச்சுட்டேன் புள்ள" என்றார்.